பிடித்துக்கொள்ள ஒரு ஆள்

என்ஜினை வண்டியில் ஏற்றுகிற நாட்களில் மட்டும் என் கணவர் விசிலடிப்பார். பாட்டு என்று சொல்ல முடியாது. பல்லிடுக்கில் காற்றை விட்டு ஏதோ இரண்டு வரியையே திரும்பத் திரும்ப ஊதுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அது கேட்டது. குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நின்றேன். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது.

முன்னறையில் சோபாவை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தோம். நடுவில் ஸ்டாண்டு போட்டு மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு சக்கரம், டேங்க் கழற்றிய முதுகெலும்பு, பக்கத்துக்கொன்றாகத் தொங்கும் ஒயர்கள். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. சமையலறையிலிருந்து பார்த்தால் அந்த ஓட்டை வழியாக எதிர்ப்பக்கத்து ஜன்னல் தெரியும். என்ஜின் கீழே பழைய போர்வையில் கிடந்தது. அதைத் துடைத்துத் துடைத்து அவர் பளபளவென்று ஆக்கியிருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு சுத்தமான பொருள் வேறொன்றும் கிடையாது.

"இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். "பழைய டயர் டியூபை வெட்டி ஃப்ரேமுக்குச் சுத்திட்டேன். போன தடவை மாதிரி பெயிண்ட் கீறாது."

"நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க."

"குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இல்ல?"

சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசிய முழு வாக்கியம் அது.

இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் என்ஜினை ஏற்றுவார், ஸ்டார்ட் செய்வார், தலையைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே ஏதோ சத்தம் வருகிறது என்பார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி என்ஜினை இறக்கிப் போர்வையில் கிடத்திவிடுவார். முதல் தடவை பிஸ்டனை மாற்றினார். அடுத்த தடவை உள்ளே ஓடுகிற சின்னச் சங்கிலியை. இந்தத் தடவை பேரிங்குகளை. கழற்றிய பேரிங்கை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் நாலு வருஷம் ஓடுமே, இதுக்கு என்ன குறை?" என்றாராம். அதை என் கணவரே வந்து என்னிடம் சொன்னார். கடைக்காரருக்கு விவரம் போதாது என்பதற்கு உதாரணமாக.

அவர் பஸ் டிப்போவில் ஃபிட்டர். போன வருடம் ஒரு சாயங்காலம், வெளியே போகவிருந்த ஒரு பஸ்ஸின் முன்சக்கரத்துப் பக்கம் அவருக்கு ஏதோ சத்தம் கேட்டது. ஃபோர்மேனைக் கூப்பிட்டார். ஃபோர்மேன் குனிந்து காதைக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலயேப்பா" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இவர் மறுபடி கேட்டுப் பார்த்தார். கேட்பது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. விட்டுவிட்டார். அந்த பஸ் ஓர் இறக்கத்தில் கவிழ்ந்து கண்டக்டருக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணை நடந்தது. மழையும் ரோட்டில் சரிந்து கிடந்த கல்லும்தான் காரணம், சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று முடிவானது. யார் மேலும் தப்பில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்தான், மறுநாள் லீவு போட்டார். லீவு அப்படியே வளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. "வண்டி ரெடியாகட்டும், வேலைக்குப் போறேன்" என்பார். வண்டியில் சத்தம் வருவதாகச் சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். யாருக்கும் கேட்காதது தனக்குக் கேட்கிறது என்பவர்கள் சாப்பிடுகிற மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி அங்கேயே நிற்கும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு ஆள் குரல் கேட்பதில்லை, பேய் பிசாசு தெரிவதில்லை. தூங்குகிறார், சாப்பிடுகிறார், தொலைக்காட்சியில் வருகிற அசட்டு ஜோக்குக்கும் சிரிக்கிறார். என்ஜினில் சத்தம் வருகிறது என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அதற்கு எந்த டாக்டரிடம் போவது? ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "காதுல குறைன்னா சொல்ற? எனக்குக் கேக்குதுன்னுதானே சொல்றேன், கேக்கலன்னா சொல்றேன்?" என்றார்.

சனிக்கிழமை ஃபோர்மேன் என் கைபேசிக்கு அழைத்தார். அவர் எண்ணிலிருந்து வந்தால் இவர் எடுப்பதில்லை.

"அம்மா, திங்கக்கிழமை காலைல வரச் சொல்லுங்க. எனக்கு மேல உள்ளவங்க வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க. என்னால அதுக்கு மேல இழுத்துப் பிடிக்க முடியாது."

"சொல்றேன் சார்."

"கண்டக்டரை இப்ப டிப்போ வாசல் பக்கத்துல டைம் ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்கோம். அவரே கேக்குறாரும்மா, என்னாச்சு நம்மாளு வரலையேன்னு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமையை மட்டும் சொன்னேன். "அப்ப நாளைக்கே மாட்டிருவோம்" என்றார். உற்சாகமாகத்தான் சொன்னார்.

பத்து மணி வாக்கில் கொழுந்தன் வந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பான்.

"அண்ணி, இந்தத் தரையைப் பாத்தா எனக்கு நெஞ்சு வலிக்குது. இவ்வளவு ஆயில்ல ஒரு கடையே நடத்தலாமே!"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"அவர்கிட்ட யாரு சொல்றது? அவரு பெரிய டாக்டரு. ஒரே பேஷண்டு, மூணு ஆபரேஷன்."

"வாயை மூடிட்டுக் கையைக் கொடுடா" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. "அந்தப் பக்கம் போ. தகடு தகடா இருக்கே, அந்த ஃபின்னைப் பிடிக்காதே, உடைஞ்சிரும். அடியில கை வை."

இருவரும் முட்டிபோட்டு உட்கார்ந்து என்ஜினை இரண்டு பக்கமும் பிடித்தார்கள். ஐந்தாவது படிக்கிற பிள்ளையின் எடை இருக்கும். ஆனால் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும், இது எந்தப் பக்கமாவது சரியத்தான் பார்க்கும். என் வேலை பின்பக்கத்து ஓட்டையில் நீள ஸ்க்ரூ டிரைவரைச் செருகுவது. என்ஜினின் ஓட்டையும் ஃப்ரேமின் ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராகும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் அதைக் குத்திவிட வேண்டும். பிறகு அதன் பின்னாலேயே நீள போல்ட்டை அடித்து உள்ளே விடுவார்கள்.

"தூக்கு... இன்னும் கொஞ்சம்... ஒயரு, ஒயரு! ஒயரு சிக்குது பாரு!"

ஒரு கையால் ஒயர்க்கட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, முதுகு போச்சு."

"உனக்கு எங்கடா முதுகு இருக்கு? குழைச்சு வெச்ச சிமெண்டு மாதிரி வளையற... முன்னாடி தள்ளு. இங்க பாரு, தெரியுதா ஓட்டை?"

"பாதி நிலா தெரியுது" என்றேன்.

"முழு நிலா ஆகும். இப்ப?"

"ஆச்சு!"

குத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வரை போய் எட்டிப் பார்த்தது. கொழுந்தன் கைதட்டினான். இவர் போல்ட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டினார். அந்தச் சத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் மாறிக்கொண்டே வந்து, போல்ட்டின் தலை ஃப்ரேமில் முட்டியதும் கெட்டியாக நின்றது.

"எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலதான் மாட்டணும்" என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொல்வார், நானும் புதிதாகக் கேட்பது போல் கேட்பேன். "ஒண்ணை மட்டும் அவசரப்பட்டு முறுக்கிட்டா மத்தது ஓட்டைக்கு வராது. எல்லாம் உக்காந்தப்புறம் வரிசையா இறுக்கணும்."

"குடும்பம் மாதிரின்னு சொல்லேன்" என்றான் கொழுந்தன்.

"ஆமா, நீ நட்டு கழண்டவன்."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் ஆயில் கோடு. கண்ணில் வெளிச்சம். கல்யாணமான புதிதில், பழைய வாடகை வீட்டில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தபோது இருந்த அதே முகம். கழற்றிப் போட்ட என்ஜின் போர்வையில் கிடக்கும் நாட்களில் இந்த முகம் எங்கே போய்விடுகிறது? மாட்டும் நாளில் மட்டும் எப்படித் திரும்பி வருகிறது? எனக்கு அப்போது தோன்றிய எண்ணத்தை எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது. இந்த வேலை முடியாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை வேண்டும். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் நீளட்டும். போன தடவை அவர் இறக்கியபோது நான் ஏன் அதிகம் தடுக்கவில்லை என்று அந்த இடத்தில்தான் லேசாகப் புரிந்தது.

கார்பரேட்டர், சைலன்சர், சங்கிலி, கிளட்ச் கேபிள், டேங்க். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தட்டில் போட்டுக் கொண்டுவந்து அங்கேயே தரையில் வைத்தேன். ஆயில் கையோடு சாப்பிட்டார்கள். பிறகு பலகையைச் சாய்த்து வண்டியை வாசலுக்கு இறக்கினார்கள்.

இரண்டு உதை. மூன்றாவது உதையில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அழகாக ஓடியது. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அது சிரமமில்லாமல் ஓடியது என்று சொல்லும் அளவுக்குத் தெரியும். கொழுந்தன் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான்.

"வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே. புது வண்டி தோத்துச்சு."

"சத்தம்?"

"என்ன சத்தம்? ஒரு சத்தமும் இல்ல."

"சரி" என்றார். சரி என்றுதான் சொன்னார். நாளைக்கு அவர் போடுவதற்கு எந்தச் சட்டையைத் தேய்த்து வைப்பது என்று யோசித்தேன். கொழுந்தனுக்கு ஓர் இடத்தில் வேலை பாக்கி இருந்தது. "கிணறு வெட்டினா பூதம் வரும்னு வந்தேன். தண்ணியே வந்திருச்சு. அண்ணி, அடுத்த வாரம் தரையைக் கழுவித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் முதுகு தெருமுனையில் மறையும் வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வண்டியைப் பலகை வழியாக மறுபடி உள்ளே தள்ளினார். "வெளியே நின்னா நனையும்" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

உள்ளே கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தார். அறை புகைந்தது. குனிந்து, தலையைச் சாய்த்தார்.

"இங்க வா."

நான் போகவில்லை.

"வாயேன். ஒரு நிமிஷம்."

நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்தார். கைப்பிடியை என் காதோடு ஒட்டினார். டிப்போவில் அப்படித்தான் கேட்பார்களாம். இரும்பு வழியாகச் சத்தம் நேராக எலும்புக்குள் இறங்கும்.

"நல்லாக் கேளு. சும்மா சொல்லாதே."

போன தடவை இதே இடத்தில் நான், "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று எனக்கு உறைத்தது. மறுபடி அதைச் சொல்ல என்னால் முடியாது. கேட்கிறது என்றும் சொல்ல முடியாது. கேட்கிறது என்றால் திங்கட்கிழமை போயிற்று.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தகரக் கூரையில் மழை கொட்டுவது போல உள்ளே நூறு சத்தங்கள். தட்டுவது, உரசுவது, மூச்சு விடுவது, எங்கோ ஆழத்தில் ஓடிக்கொண்டே இருப்பது. இதில் எதை இவர் கேட்கிறார்? அந்த பஸ்ஸின் அடியில் இவர் கேட்டது இதில் எது? கேட்கக் கேட்க ஒவ்வொரு சத்தமும் சந்தேகமாகவே இருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன்.

"எல்லாம் கேக்குதுங்க. நிறைய கேக்குது. நீங்க சொல்ற சத்தம் எதுன்னுதான் எனக்குத் தெரியல."

"கேக்குதுல்ல!"

என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் அப்படிச் சொல்லலங்க..."

"கேக்குதுன்னு சொன்னியே. நிறையன்னு சொன்னியே. நான் பைத்தியக்காரன் இல்லன்னு உனக்காவது தெரியுதே." சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். "கிளட்ச் பக்கம்தான். பேரிங்கு இல்ல. நான்தான் தப்பான இடத்துல தேடியிருக்கேன்."

பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

"நாளைக்கு டிப்போ?"

"இதை வெச்சுக்கிட்டா? நடு ரோட்ல ஏதாவது ஆச்சுன்னா?"

"நடந்து போலாம். நானும் கூட வர்றேன். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பலாம்."

"அவ்வளவு தூரமா? உன் கால் தாங்காது" என்றார், நிஜமான அக்கறையோடு.

"கிளட்ச்னா என்ஜினை இறக்காமலே திறக்கலாம்னு நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா அரைகுறையா பாக்கிற பழக்கம் இனிமே வேண்டாம். முழுசா இறக்கித்தான் பாக்கணும்."

நான் எழுந்து நின்றேன்.

"இந்தத் தடவை நான் பிடிக்க மாட்டேன்."

என்ஜினை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போல்ட்டை உருவ, ஒருவர் கனத்தைத் தாங்க. ஏற்றும்போது கொழுந்தன் வருவான். இறக்கும்போது அவனைக் கூப்பிட இவருக்கு வெட்கம். நான்தான் பிடிப்பேன். நான் பிடிக்காவிட்டால் என்ஜின் வண்டியிலேயே இருக்கும். இவ்வளவு எளிமையான விஷயம் இத்தனை மாதம் ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். கொழுந்தனை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல் வெட்டுகிற மெஷின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? முன்னறையில் ஸ்பேனர் வேலையை ஆரம்பித்துவிட்டது. டேங்க் இறங்குவது தெரிந்தது. கார்பரேட்டர் கிளிப். சைலன்சர் நட்டு இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டில் விழுந்தன. சங்கிலி சலசலத்துக் கீழே வந்தது. முன் போல்ட். அடி போல்ட். எதுவும் பார்க்காமலே எனக்கு எல்லாம் தெரிந்தது. இனி பின்பக்கத்து நீள போல்ட் ஒன்றுதான். அதை அவரால் தனியாக உருவ முடியாது. நிறுத்துவார். நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். அப்போது நான் போவேன். பக்கத்தில் உட்காருவேன். கண்டக்டர் விசாரித்ததைச் சொல்வேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

மரச் சுத்தியல் விழுந்தது. இன்னொன்று. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது.

பிறகு தரையில் கட்டை வழுக்கும் சத்தம். அவர் "அம்மா" என்றது சன்னமாகக் கேட்டது.

ஓடினேன். அடியில் முட்டுக்கொடுத்திருந்த மரக்கட்டை ஆயில் தரையில் வழுக்கிச் சுவரோரம் போயிருந்தது. பாதி வெளியே வந்துவிட்ட ஒரே போல்ட்டின் நுனியில் என்ஜின் தொங்கிக்கொண்டு, முன்பக்கமாகச் சரிந்திருந்தது. அதற்குக் கீழே மடக்கிய அவருடைய கால். இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, போல்ட்டையும் விட முடியாமல், காலையும் இழுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார். பிடிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்.

முட்டிபோட்டு, ஃபின்னைத் தொடாமல், அடியில் கையைக் கொடுத்தேன். என்ஜின் இன்னும் ஆறவில்லை. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"போல்ட்டைத் திருப்பி உள்ளே அடிச்சிருங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "நான் தூக்கிப் பிடிக்கிறேன். அப்படியே அடிச்சிருங்க. காலைல பாத்துக்கலாம். கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். என் பேச்சைத் தட்டவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"கோணிருச்சு. இப்ப உள்ள போகாது. ஓட்டை நேரா இல்ல." தேய்த்துக் கழுவினது போல அவர் முகம் வெளிறியிருந்தது. "உருவினாத்தான் உண்டு. சுடுதா?"

"இல்ல."

"தாங்குவியா?"

உள்ளங்கை எரிந்தது. கனம் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே கீழே என்று இழுத்தது. உள்ளறையில் என் கைபேசி அடிக்க ஆரம்பித்தது. கொழுந்தனாக இருக்கலாம், ஃபோர்மேனாக இருக்கலாம். இருவரும் அப்படியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடித்து ஓய்ந்தது.

"உருவுங்க" என்றேன்.